ஒரு சதவீத வரியில் ஓடும் குளிர்சாதனங்கள்: போர்ட்லாண்டின் தூய ஆற்றல் நிதி, ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஜூன் 28, திங்கட்கிழமை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாண்டு நகரத்தில் வெப்பமானி 116 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. செல்சியஸில் 46.7. முந்தைய இரண்டு நாளும் 108, 112. அந்த வாரத்துக்கு முன்புவரை ஊரின் உச்ச சாதனையே 107தான். வேலூர், திருத்தணி வெயிலில் வளர்ந்தவருக்கு இந்த எண் பெரிதாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் போர்ட்லாண்டு வீடுகள் குளிருக்காகக் கட்டியவை. மரச்சட்டச் சுவர், சுவருக்குள் வெப்பம் தங்கும் பஞ்சு, குறுக்கே காற்று ஓடாத அறைகள். இரவில் வெளியே தணிந்தாலும் உள்ளே தணியவில்லை.

நகரின் பெரும்பகுதி அடங்கிய மல்ட்னோமா கவுண்டியில் அந்த வெப்ப அலைக்கு 69 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் 60 வயதைத் தாண்டியவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள். பலர் அடுக்குமாடிக் குடியிருப்புவாசிகள். அநேகமாக யார் வீட்டிலும் ஓடுகிற ஏ.சி. இல்லை, வைத்திருந்த சிலரின் கருவியும் பழுதாகி இருந்தது, அல்லது பிளக்கில் செருகப்படாமல் கிடந்தது. வெயிலுக்கு ஒதுங்கும் குளிர்மையங்களை நகரம் திறந்துதான் வைத்திருந்தது. ஆனால் ஸ்ட்ரீட்கார் என்ற டிராமின் மின்கேபிள் ஒன்று உருகிப்போனது, லைட் ரயில் நிறுத்தப்பட்டது. கார் இல்லாத முதியவருக்குக் குளிர்மையம் என்பது வரைபடத்தில் உள்ள ஒரு புள்ளி மட்டுமே.

வெயிலும் எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி அடிக்கவில்லை. போர்ட்லாண்டு மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் விவேக் சாண்டாஸ் அந்த நாட்களில் காரில் சுற்றி அளந்தார். மரம் குறைந்த, தார் நிறைந்த கிழக்குப் பகுதியான லெண்ட்ஸில் காற்றின் வெப்பம் 124 டிகிரி. மரமடர்ந்த மேற்குக் குன்றுப் பகுதியில் 99. ஒரே ஊர், ஒரே பிற்பகல், 25 டிகிரி வித்தியாசம். சாண்டாஸும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் 108 அமெரிக்க நகரப் பகுதிகளை ஆராய்ந்து வெளியிட்டிருந்த முடிவு இதற்கு ஒரு விளக்கம்: 1930களில் வங்கிக் கடனுக்கு லாயக்கற்றவை என்று சிவப்பு மையால் ஒதுக்கப்பட்ட பகுதிகளே, அந்த நகரங்களில் 94 சதவீதத்தில், இன்று கூடுதலாகக் கொதிக்கின்றன.

நிதி எங்கிருந்து வந்தது

வெப்ப அலை வந்தபோது, தூய ஆற்றல் நிதி என்ற பெயரில், நகரத்தின் கையில் பணம் இருந்தது. இந்த ஆய்வுக்குக் காரணமே அதுதான். 2018 நவம்பரில் வாக்காளர்கள் ஒரு தீர்மானத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற்றியிருந்தார்கள். நாடு முழுதும் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் வருமானமும் போர்ட்லாண்டுக்குள் 5 லட்சம் டாலருக்கு மேல் சில்லறை விற்பனையும் உள்ள நிறுவனங்கள், நகருக்குள் விற்பதில் 1 சதவீதம் செலுத்த வேண்டும். மளிகை, மருந்து, மருத்துவச் சேவைக்கு விலக்கு. பொதுவாக இத்தகைய திட்டங்கள் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கையேந்தி நிற்கும். இதற்கு அந்தத் தலைவலி இல்லை. வருமானம் சட்டத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது.

தீர்மானத்தை எழுதி, கையெழுத்து சேகரித்து, வாக்குக் கேட்டது கறுப்பினத்தவர், பழங்குடியினர், ஆசியர், லத்தீனியர் அமைப்புகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்த கூட்டணி. இங்கே, இவர்களைக் குறிக்கும் 'சிறுபான்மை' என்ற சொல்லை ஒரு வரி விளக்கியாக வேண்டும். நம் ஊர்க் காதுக்கு அது மதத்தைக் குறிக்கும். அங்கே அது இனத்தையும் பூர்விகத்தையும் குறிக்கும். கறுப்பர்கள் குடியேறக் கூடாது என்று அரசமைப்பிலேயே எழுதிவைத்திருந்த மாநிலம் ஒரிகன். அந்த வாசகங்களின் மிச்சம் மீதியை வாக்களித்து நீக்கியது 2002இல்தான்.

பேரிடர் முன்னேற்பாடு என்ற சொல்லை அந்தச் சமூகங்கள் சந்தேகத்தோடு கேட்பதற்கும் பழைய காரணம் உண்டு. 1948 மே 30. போர்க்காலத் தொழிலாளர்களுக்காகக் கொலம்பியா ஆற்றுப் படுகையில் எழுப்பிய வேன்போர்ட் குடியிருப்பில் சுமார் 18,500 பேர் இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு கறுப்பர்கள். அன்று காலை வீட்டு வசதி வாரியம் கதவிடுக்குகளில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகிச் சென்றது: கரைகள் இப்போதைக்குப் பத்திரம், தேவைப்பட்டால் எச்சரிப்போம், வெளியேற நேரம் இருக்கும், பதற வேண்டாம். மாலை 4 மணி கடந்து ரயில்பாதைக் கரை உடைந்தது. அந்த ஊர் அன்றே அழிந்தது, திரும்பக் கட்டப்படவில்லை. இறந்தவர்கள் 15 பேர். வீடிழந்த கறுப்பினக் குடும்பங்கள் பெரும்பாலும் அல்பைனா என்ற பகுதியில் நெருக்கியடித்துக் குடியேறின. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நெடுஞ்சாலை, விளையாட்டரங்கம், மருத்துவமனை விரிவாக்கம் என்று அல்பைனாவும் துண்டு துண்டாக இடிக்கப்பட்டது. எச்சரிக்கை செய்தி அரசு அலுவலகத்திலிருந்து வந்தால் ஒரு மாதிரியும், பக்கத்துத் தேவாலயத்திலிருந்து வந்தால் வேறு மாதிரியும் ஏன் காதில் விழுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மூலச் சட்டம் நிதியை இப்படிப் பங்கிட்டது: வீடுகளின் எரிசக்திச் சிக்கனத்துக்கும் சூரிய மின்சாரத்துக்கும் 40 முதல் 60 சதவீதம், அதில் பாதியாவது குறைந்த வருமானத்தவருக்கும் நிற இனத்தவருக்கும். வேலைப் பயிற்சிக்கும் சிறு காண்டிராக்டர்களைக் கைதூக்குவதற்கும் 20 முதல் 25. மரம், மண், வேளாண்மைக்கு 10 முதல் 15. புதுமை முயற்சிகளுக்கு 5. நிர்வாகச் செலவு 5ஐத் தாண்டக் கூடாது. பங்கீட்டைப் பரிந்துரைக்க 9 பேர் கொண்ட குழு.

நிர்வாகத்துக்கு 5 சதவீதம் என்ற வரம்பு வாக்குக் கேட்கும்போது அழகாக இருக்கும். நடத்தும்போது கழுத்தைப் பிடிக்கும். விண்ணப்பத்தைப் படிக்க, கணக்கைச் சரிபார்க்க, களத்துக்குப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் சம்பளம்தான் நிர்வாகச் செலவு. பின்னால் வந்த தொல்லைகளில் பாதி இங்கே விதைத்தவை.

முதல் சறுக்கல்

முதல் சுற்று மானியம் 2021 வசந்தத்தில் வந்தது: 45 அமைப்புகளுக்குச் சுமார் 86 லட்சம் டாலர். சிறு தொகைகள், பெரும்பாலும் திட்டமிடலுக்கு. வெப்ப அலைக்குப் பிறகு அவசரம் பிடித்துக்கொண்டது. ஐந்து ஆண்டில் 15,000 குளிர்சாதனக் கருவிகளைக் குறைந்த வருமான வீடுகளில் மாட்டுவது என்று முடிவாயிற்று. அதை நடத்தும் பொறுப்பு, 1 கோடி டாலருக்கும் மேலான தொகையோடு, ஒரு புதிய அமைப்புக்கு 2021 இறுதியில் ஒதுக்கப்பட்டது. சில நாட்களிலேயே அதன் தலைமையில் இருந்தவரின் பழைய நிதிக் குற்ற வழக்கு பத்திரிகையில் வெளியாயிற்று. ஒதுக்கீடு ரத்தானது.

எல்லாரும் அப்போது 'பின்னணி விசாரணை' என்று முழங்கினார்கள். அது சரிதான், ஆனால் அதைவிடக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. இந்த அளவுப் பணத்தை இதற்கு முன் கையாண்டிருக்கிறதா? கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை எங்கே? கிடங்கு எங்கே? வண்டி எத்தனை? ஒரு நாளைக்கு எத்தனை வீடு? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத விண்ணப்பத்தை அங்கேயே மடித்து வைத்துவிடலாம். கோடைக்கு 3,000 கருவி, 60 வேலை நாள் என்றால் நாளொன்றுக்கு 50 வீடு. இரண்டு பேர் குழு ஒன்று, மாடிப்படி, ஜன்னல் வேலை, விளக்கம் சொல்வது எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 வீடு முடிக்கும். ஆக 10 குழு, 20 ஆள், 10 வேன். இந்தக் கணக்கு காகிதத்தில் இல்லாவிட்டால் களத்திலும் இருக்காது.

2022 மார்ச்சில் நகரத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. எவ்வளவு கரியமில வாயு குறைய வேண்டும், யாருக்கு என்ன போய்ச் சேர்ந்தது, மேற்பார்வை யார் கையில் என்பதற்கு அளவுகோலே வகுக்கப்படவில்லை என்பது அதன் சாரம். அந்த ஆண்டு அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டது. லாப நோக்கற்ற அமைப்புகள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது மாறி, அரசு அலுவலகங்கள், பள்ளிகள், தனியார் தொழில்களுக்கும் கதவு திறந்தது. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டு 2023 செப்டம்பரில் 75 கோடி டாலருக்கு ஒப்புதல் கிடைத்தது.

ஜன்னலோரம்

கருவி மாட்டும் வேலை, பொறுப்பு கைமாறி, 2022 கோடையில் தொடங்கியது. எரிசக்திச் சிக்கனத் துறையில் ஏற்கெனவே அனுபவமுள்ள ஓர் அமைப்பு கொள்முதலையும் கணக்கையும் பார்த்துக்கொள்ள, யார் வீட்டுக்குப் போவது என்பதைச் சமூக அமைப்புகளும் வாடகைக் குடியிருப்பு நிறுவனங்களும் சொல்லின. இந்தப் பிரிவினை நல்ல பிரிவினை. ஸ்பானிஷ், வியட்நாமியம், சோமாலி பேசும் வீட்டின் கதவைத் தட்டுபவர் அந்த மொழியில் பேசுபவராக இருந்தார் என்றால், விநியோகக் கிடங்கை அவரே நடத்த வேண்டிய அவசியமில்லை.

கொடுத்தது சக்கரம் வைத்த, தூக்கி நகர்த்தக்கூடிய ஹீட் பம்ப். கோடையில் குளிரும் குளிர்காலத்தில் வெப்பமும் தரும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது என்பதே இதைத் தேர்ந்ததற்கு முதல் காரணம். இதன் கோளாறுகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். திட்ட அறிக்கைகள் எட்டாத இடம் இது.

ஒற்றைக் குழாய் கருவி அறையின் காற்றையே உறிஞ்சி, வெப்பத்தை அதில் ஏற்றி, குழாய் வழியே வெளியே தள்ளும். வெளியேறிய காற்றுக்கு ஈடாக வேறு காற்று கதவடி இடுக்கிலும் ஜன்னல் விரிசலிலும் நுழையும். வெளியே 46 டிகிரி என்றால் நுழைவதும் 46 டிகிரி. அதனால்தான் அட்டைப்பெட்டியில் 14,000 பி.டி.யு. (குளிர்விக்கும் திறனின் அலகு) என்று அச்சிட்ட கருவி, நடைமுறைத் திறன் அளவையில் 9,000, 10,000க்கு இறங்கிவிடுகிறது. இரட்டைக் குழாய் மாடலில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். விலையும் எடையும் கூடும். எந்த மாடலானாலும் குழாயை நேராக, முடிந்தவரை குட்டையாக வைக்க வேண்டும். குழாயே ஒரு ஹீட்டர்போலக் கொதிக்கும். அதற்கு ஓர் உறை போட்டால் கையில் தெரிகிற வித்தியாசம் இருக்கும்.

ஜன்னல்தான் பெரிய சண்டை. பழைய வீடுகளில் கண்ணாடி மேலே தூக்கித் திறப்பது. கருவியோடு வரும் பிளாஸ்டிக் பட்டை அதில் சரியாக உட்காரும். 1970களின் அடுக்குமாடிகளில் பக்கவாட்டில் நகரும் அலுமினிய ஜன்னல். பட்டையைச் செங்குத்தாக நிறுத்தினால் உயரம் பற்றாது. அங்கே பிளைவுட்டோ அக்ரிலிக் தகடோ வெட்டி மேலே நிரப்ப வேண்டும். வெளிப்புறமாகக் கதவுபோலத் திறக்கும் ஜன்னலுக்குப் பெட்டியில் வந்த எதுவும் உதவாது. எனவே பெயர்ப் பதிவின்போதே ஜன்னல் வகையையும் திறப்பின் அளவையும் வாங்கிவிட வேண்டும், கூடவே ஒரு புகைப்படம். இதை விட்டால் வேன் போய்த் திரும்பி வரும். மாடி ஏறி இறங்கின கருவி மறுநாளும் ஏறும். பட்டை வைத்தபின் ஜன்னல் பூட்டாது என்பதால், ஜன்னல் நகரும் தடத்தில் அளவாக வெட்டிய மரக்கழி ஒன்றைப் படுக்க வைப்பது உண்டு. இரண்டு டாலர் கழி. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பெண்மணிக்கு அது இல்லையென்றால் இரவில் கருவியைக் கழற்றிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வார், வெப்ப அலையில் ஆபத்து கூடும் நேரமோ இரவு.

படுக்கையறைக்கு ஒரே ஜன்னல் என்றால் தீயில் தப்பிக்கும் வழியும் அதுவே, 5.7 சதுர அடி திறப்பு மிஞ்ச வேண்டும் என்பது வழக்கமான கட்டட விதி. 2022இல் ஒரிகன் சட்டமன்றம் வாடகைக்காரர் குளிர்சாதனம் வைப்பதை உரிமையாளர் தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. தப்பிக்கும் வழியை அடைப்பது அதில் செல்லுபடியாகும் மறுப்புக் காரணங்களில் ஒன்று. அப்படிப்பட்ட வீட்டில் கருவியைக் கூடத்தில் வைத்து, வெயில் நாட்களில் அங்கேயே படுக்கச் சொல்வதே வழி.

அடுத்தது மின்சாரம். அங்கே 120 வோல்ட், பெரும்பாலும் 15 ஆம்பியர் சர்க்யூட். பெருக்கினால் 1,800 வாட். தொடர்ந்து ஓடும் சாதனத்துக்கு 80 சதவீதம்தான் கணக்கு, அதாவது 1,440. கருவி 1,100 முதல் 1,300 இழுக்கும். அதே சர்க்யூட்டில் மைக்ரோவேவை அழுத்தினால் பிரேக்கர் விழும். விழுந்த பிரேக்கர் எந்தப் பெட்டியில் என்று தெரியாத முதியவர், கருவி செத்துப்போயிற்று என்று நினைத்து உட்கார்ந்திருப்பார். ஆகவே பொருத்துபவர் செய்ய வேண்டிய கடைசி வேலை, பிரேக்கர் பெட்டிக்குக் கூட்டிப்போய் எது என்று காட்டி ஒரு சீட்டு ஒட்டுவது. எக்ஸ்டென்ஷன் கார்டு கூடவே கூடாது. மூன்றாவது துளை இல்லாத பழைய பிளக் பாயிண்டு என்றால் வேலையை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

குளிர்காலத்தில் வெப்பத்துக்கு ஓட்டும்போது உள்ளே தண்ணீர் சேரும், தொட்டி நிரம்பினால் கருவி தானே நின்றுவிடும். கோடையில் காற்று உலர்ந்திருப்பதால் இந்தப் பிரச்சினை வராது, அதனால் ஜூலையில் பயிற்சி பெற்ற ஆள் இதைச் சொல்லித்தர மறந்துவிடுகிறார். டிசம்பரில் தொலைபேசி அடிக்கிறது.

கட்டணப் பயத்தையும் விடக் கூடாது. 1.2 கிலோவாட், 8 மணி நேரம், யூனிட் 18 சென்ட் என்று வைத்தால் நாளுக்கு 1.73 டாலர். இந்தக் கணக்கை வீட்டுக்காரர் முன்னால் போட்டுக் காட்டினால் கருவியைப் போடுவார். 2022 ஜூலை இறுதியில் போர்ட்லாண்டில் 7 நாள் தொடர்ந்து 95 டிகிரிக்கு மேல் அடித்தது. ஊரில் அதுவரை இல்லாத நீளம். கருவி ஓர் ஓரமாக நிற்பதும் ஓடுவதும் வேறு வேறு என்று அப்படிப்பட்ட வாரத்தில்தான் தெரியும்.

பயிற்சி: முதல் படிக்கு மேலே படி வேண்டும்

இப்படிக் கருவி மாட்டும் வேலைக்கு உரிமம் எதுவும் தேவையில்லை. அதுவே அதன் வசதி, அதுவே அதன் குறை. பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் சிறையிலிருந்து வந்தவரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு சம்பளம் வாங்கலாம். செப்டம்பரில் வேலை தீர்ந்துவிடும். 'பசுமை வேலை' என்று அறிக்கையில் எண்ணிவிட்டு, அவரைப் பழைய இடத்திலேயே விட்டால் அது பயிற்சி ஆகாது, கோடைக் கூலி.

போர்ட்லாண்டின் அனுகூலம், தொழிலில் நுழைவதற்கான பயிற்சி தரும் அமைப்புகள் இந்த நிதி வருவதற்கு வெகு முன்பே அங்கே வேரூன்றியிருந்தன. சிறை மீண்டோரையும் நிற இனத்தவரையும் கட்டுமானத் தொழிலுக்குத் தயார்செய்யும் கன்ஸ்ட்ரக்டிங் ஹோப். 1989இலிருந்து பெண்களைத் தொழிலுக்குக் கொண்டுவரும் ஒரிகன் டிரேட்ஸ்விமன். இரண்டிலும் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. கல்லி என்ற வடகிழக்குப் பகுதியில் 2005இல் தொடங்கிய வெர்டே அமைப்பு இன்னும் ஒரு படி போனது. தானே தோட்டவேலை, கட்டட வேலைக்கான தொழிலகங்களை நடத்தி, அங்கே பயிற்சி கொடுத்தது. பழைய குப்பைமேடு ஒன்றின் மேல் 25 ஏக்கரில் கல்லி பூங்கா 2018இல் திறந்தபோது, கட்டியவர்களில் அந்தத் தெருக்காரர்கள் இருந்தார்கள். வேலைக்கான ஆர்டர் முதலில், பயிற்சி அதற்குப் பின்னால்: வெர்டேயிடம் கற்க வேண்டியது இந்த வரிசை.

ஏணி இப்படி அமையும். முதலில் கருவி மாட்டுதல். பிறகு வீட்டின் காற்றுக் கசிவை அடைக்கும் வேலை. வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக்குள் அழுத்தத்தைக் குறைத்து, எங்கே காற்று பீறிடுகிறது என்று கண்டுபிடிப்பது. அடுத்து சுவரில் பொருத்தும் ஹீட் பம்ப்புக்கு உதவியாள். இங்கே குளிரூட்டும் கேஸைக் கையாள மத்திய அரசின் 608 சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதிக்கு 25 கேள்வி, 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. இதை வகுப்பறையில் இரண்டு வாரத்தில் வாங்கிவிடலாம், ஆனால் கை பழகாது. புதிதாக வருபவர் சறுக்கும் இடங்கள் என்றும் மாறாதவை: செம்புக் குழாயின் வாயை விரிக்கும்போது பிசிறு விடுவது, நட்டை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பானர் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குவது, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்கும் பம்பை நேரம் பார்த்து நிறுத்துவது. மீட்டரில் வெற்றிட அளவு 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, பம்பை மூடியபின்னும் அங்கேயே நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கடிகாரத்துக்கு அங்கே வேலையில்லை. 2025 முதல் புதிய கருவிகளில் லேசாகத் தீப்பிடிக்கும் வகைக் கேஸ் வருவதால், பழைய பாடத்தை அப்படியே நடத்தும் நிலையங்கள் ஆளைக் கெடுக்கின்றன.

அதற்கு மேல் உரிமத் தொழில். ஒரிகனில் சூரிய மின்தகடு மாட்டும் வரம்புக்குட்பட்ட உரிமத்துக்கு 4,000 மணி நேர வேலைப் பழக்கம். முழு எலக்ட்ரீஷியனுக்கு 8,000. அதாவது நான்கு வருடம். மானியம் நான்கு வருடமும் கூடவே வரும் என்று நம்ப முடியாது, ஆகவே முதல் வருடம் முடியும்போது பயிற்சியாளரைத் தொழிற்சங்கமோ ஒரு கம்பெனியோ சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். இடையில் நிற்பவர்கள் நிற்பது பாடம் புரியாமல் அல்ல. காலை 6 மணிக்குத் திறந்திருக்கும் குழந்தைக் காப்பகம் கிடைக்காமல், அல்லது டிரைவிங் லைசென்ஸ் இல்லாமல். கட்டாத போக்குவரத்து அபராதத்துக்காக லைசென்ஸை முடக்கும் வழக்கத்தை ஒரிகன் 2020இல் கைவிட்டது. வேலைப் பயிற்சி என்ற தலைப்பில் யாரும் எண்ணாத சீர்திருத்தம், பல பயிற்சிகளைவிடப் பயன்.

சிறு காண்டிராக்டரின் பணப்பை

ஒருவர் தொழில் கற்று, சொந்தமாகத் தொடங்குகிறார் என்று வைப்போம். ஒரிகனில் கட்டுமான உரிமத்துக்கு 16 மணி நேர வகுப்பு, தேர்வு. வீட்டு வேலைப் பொதுக் காண்டிராக்டர் என்றால் 2024 முதல் 25,000 டாலர் ஜாமீன் பத்திரம், ஒரு சம்பவத்துக்கு 5 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு. மாநில அலுவலகத்தில் சிறுபான்மை உரிமையாளர் என்ற சான்று பெறலாம். 51 சதவீத உரிமையும் அன்றாட நிர்வாகமும் அவர் கையில்தான் என்று காட்ட வேண்டும். அங்கே ஆய்வாளர் கேட்பது பத்திரம் மட்டுமல்ல. காசோலையில் யார் கையெழுத்து, விலைப்புள்ளி யார் போடுகிறார், வேன் யார் பேரில் என்று துருவுவார். கணவர் நடத்தும் தொழிலை மனைவி பேரில் காட்டுவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை.

சான்று கிடைத்தால் வேலை வந்துவிடும் என்பது தவறான எண்ணம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் ரிச்மண்டு நகரத்தின் 30 சதவீத ஒதுக்கீட்டைச் செல்லாது என்று தள்ளியது முதல், இனத்தைச் சொல்லி நேரடியாக ஒப்பந்தம் ஒதுக்குவது சட்டச் சுரங்கத்தில் கால் வைப்பது. அதனால் போர்ட்லாண்டு மாதிரியான ஊர்கள் சுற்றுவழியில் போகின்றன: சமூக அமைப்புகளுக்கு மானியம், இனம் பார்க்காத 'வளரும் சிறுதொழில்' சான்று, பெரிய ஒப்பந்தத்தைச் சிறிதாக உடைத்தல். மூன்றாவதே உண்மையில் வேலை செய்கிறது. 200 வீட்டு ஒப்பந்தத்துக்குச் சிறியவர் கையே வைக்க முடியாது. 10 வீட்டுத் தொகுதியாக வந்தால் விலை போடுவார்.

ஆனால் அவரைச் சாய்ப்பது பெரும்பாலும் கையிருப்பு. எண்களோடு பார்ப்போம். ஒரு வீட்டு வேலை 20,000 டாலர். கருவியும் சரக்கும் 9,000. கூலி 6,000. காப்பீடு, கூலி வரி 1,200. காகிதத்தில் மிச்சம் 3,800, நல்ல வேலைதான். இப்போது ஒரே சமயத்தில் நான்கு வீடு. கையிலிருந்து போனது 64,800. கூலி வெள்ளிக்கிழமை, சரக்குக் கடை 30 நாள். அவருக்கு வர வேண்டிய பணமோ, மாதக் கடைசியில் அமைப்புக்குப் பில், அமைப்பு நகரத்துக்கு, நகரம் சரிபார்த்து அமைப்புக்கு, அமைப்பு இவருக்கு. 75 நாள் ஆவது சாதாரணம். அந்த 64,800க்கு 12 சதவீத வட்டியில் கடன் கிடைத்தால் வட்டி சுமார் 1,600. கிரெடிட் கார்டு தேய்த்தால் அதில் இரட்டிப்பு. வேலை முடியும்வரை 5 சதவீதம் நிறுத்திவைக்கும் பிடித்தமும் இருந்தால் இன்னொரு 4,000 உள்ளே மாட்டிக்கொள்ளும். லாபத்தில் ஓடும் தொழில், மூன்றாவது மாதம் கூலி கொடுக்க முடியாமல் நிற்கும்.

இதற்கு மருந்து கருத்தரங்கில் இல்லை. சரக்கு பில்லை அமைப்பே கடைக்கு நேராகக் கட்டுவது. வேலை தொடங்கும்போது 25 சதவீத முன்பணம். பில்லைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏற்பது. முதல் யோசனை மட்டும் செய்தாலே மேலே சொன்ன நான்கு வீட்டுக் கணக்கில் 36,000 டாலர் அவர் தலையிலிருந்து இறங்கிவிடும். கூலிக்கு வேறு ஒரு நெருக்கடியும் உண்டு. இந்த நிதியின் சட்டம், குறைந்தபட்சக் கூலியின் 180 சதவீதத்தைத் தொழிலாளிக்கு அளவாக வைத்திருக்கிறது. 2024 ஜூலையில் போர்ட்லாண்டு வட்டாரக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.95 டாலர், அதன் 180 சதவீதம் 28.71. நியாயமான விதி. ஆனால் விலைப்புள்ளி கேட்கும்போதே இந்த எண்ணை எழுதித் தராவிட்டால், புதியவர் பழைய கூலியில் விலை போட்டு ஒப்பந்தத்தை வாங்கிவிட்டு நடுவில் அகப்பட்டுக்கொள்வார்.

நிலநடுக்கத்துக்கும் அதே கதவு

போர்ட்லாண்டு பயப்பட வேண்டிய பெரிய பேரிடர் வெயில் இல்லை. கரைக்கு அப்பால் உள்ள கஸ்கேடியா பிளவு கடைசியாக 1700 ஜனவரியில் முழுதாக நகர்ந்தது. அளவு ஏறத்தாழ 9. அடுத்தது எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. மாநிலம் இரண்டு வாரத்துக்கு வேண்டியதைக் கையிருப்பு வைக்கச் சொல்கிறது. நகரம் தெருக் குழுக்களுக்கு முதலுதவி, கேஸ் வால்வை மூடுவது, இடிபாட்டில் தேடுவது ஆகியவற்றில் பயிற்சி தருகிறது; தொலைபேசி செத்தால் மக்கள் கூட வேண்டிய வானொலித் தொடர்பு இடங்களாகப் பூங்காக்களையும் பள்ளிகளையும் குறித்து வைத்திருக்கிறது.

தன்னார்வப் பயிற்சிக்கு சனிக்கிழமை முழுநாள் ஒதுக்கக்கூடியவர் சொந்த வீட்டுக்காரராக இருப்பார். இரண்டு ஷிஃப்ட் பார்ப்பவர் வர மாட்டார். இங்கேதான் குளிர்சாதன வேலை வேறுவிதமாகப் பயன்படுகிறது. மாட்டப் போனவர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது: எந்த வீட்டில் தனியாக இருக்கும் முதியவர், எங்கே ஆக்ஸிஜன் கருவி, எந்த மொழி. ஒப்புதலோடு அந்தப் பட்டியலைச் சமூக அமைப்பு வைத்துக்கொண்டால், அடுத்த வெப்ப அலையில் கதவு தட்டும் வரிசை தயார். ஒப்புதல் கேட்காமல் அரசுத் துறைக்குக் கொடுத்தால், குடியேறிய குடும்பங்கள் அடுத்த முறை கதவையே திறக்காது.

கூடும் இடத்துக்கு மின்சாரம் வேண்டும். வடக்கு போர்ட்லாண்டில் கறுப்பினப் பெண்கள் சங்கம் ஒன்று பழைய பெட்ரோல் பங்கை வாங்கி ஜூன் கீ டெல்டா சமுதாயக் கூடமாக மாற்றியது. கூரையில் சூரியத் தகடு, உள்ளே பேட்டரி. இப்படி ஒன்று அமைப்பவர் முதலில் போட வேண்டிய கணக்கு, 13.5 கிலோவாட்-மணி பேட்டரி ஒன்றை உதாரணமாக வைத்தால்: மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் சராசரி 100 வாட், ஆக்ஸிஜன் கருவி இரண்டு 700, விளக்கு 100, தொலைபேசிகள் 100. மொத்தம் 1,000 வாட்; பதின்மூன்றரை மணி நேரம் தாங்கும், அதாவது ஓர் இரவு, விடிந்தால் சூரியன். 1,200 வாட் ஏ.சி. ஒன்றைச் சேர்த்தால் ஆறு மணி நேரம்தான். அதனால் ஏ.சி.யைத் தனி சர்க்யூட்டில் போட்டு, இரவில் அணைக்கும் உரிமை யாரிடம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கூட்டம் நெருக்கிக்கொண்டிருக்கும்போது அதை முடிவு செய்ய முடியாது.

பணம் பெருகிய பிறகு

வாக்கெடுப்பின்போது நகரம் எதிர்பார்த்த வருமானம் ஆண்டுக்கு 4.4 கோடி முதல் 6.1 கோடி டாலர். வந்தது அதைப்போலப் பல மடங்கு. 2024 வாக்கில், எதிர்பார்த்ததைவிட 50 கோடி டாலருக்கும் மேல் கூடுதல் என்று கணக்கு வந்தது. பட்ஜெட்டில் துண்டு விழுந்த நகரத் துறைகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்பின. பேருந்து நிறுத்த மரத்துக்கு, கட்டடப் பராமரிப்புக்கு என்று எல்லாச் செலவுக்கும் ஒரு பருவநிலைக் காரணம் கண்டுபிடிக்கலாம். சில உண்மையாகவே நியாயமானவை. ஆனால் வேலைப் பயிற்சிக்கும் காண்டிராக்டருக்கும் என்று கேட்கும் சிறு அமைப்பும், முழுநேர விண்ணப்ப எழுத்தாளர்கள் கொண்ட நகரத் துறையும் ஒரே வாசலில் நின்றால் யார் முதலில் உள்ளே போவார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இதற்கிடையில், மாட்டி முடித்த கருவிகள் சில கோடைகளைப் பார்த்துவிட்டன. பின்புற வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். 2020 செப்டம்பரில் நடந்ததுபோலக் காட்டுத்தீப் புகை சூழ்ந்தால் இன்னும் அடிக்கடி. ஜன்னல் பட்டையின் ஸ்பாஞ்சு உரிந்திருக்கும், மரக்கழி தொலைந்திருக்கும், வீடு மாறிப் போனவர் கருவியைத் தூக்கிச் சென்றிருப்பார், புது வீட்டின் ஜன்னல் வேறு வகையாக இருக்கும். ஒரு வேன், இரண்டு ஆள், ஒரு பெட்டி ஸ்பாஞ்சு, பிளைவுட் வெட்டும் ரம்பம், அந்தத் தெருவின் மொழி. மே மாதத்தில் வீடு வீடாகப் போய் இதைச் சரிபார்க்க நிலையான ஒப்பந்தம் ஒன்று போட்டால், முதல் கோடையில் வேலை கற்றவர்களில் சிலருக்கு அதுவே சொந்தத் தொழிலின் முதல் பில்லாக இருக்கும்.